பவளம் மச்சாள் அனுப்பிய மதர்போர்ட்

குசினி மேசையில் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு இடமில்லை. கம்பியூட்டர்ச் சாமான்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எங்கும் புதுப் பிளாஸ்டிக் மணம். ஒரு பெட்டியில் மட்டும் கறித்தூள் மணம் அடித்தது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இவர், என் புருசன், முதுகுக்குத் தலையணை வைத்துக் கதிரையில் இருந்தார். இடது கை மடியில் கிடந்தது. அதன் பலம் கோடையிலேயே போய்விட்டது. வலது கையில் ஒரு ஸ்குரூ ட்றைவர். கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டவர் மாதிரிச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். சவரம் நான் செய்துவிட்டது. பொத்தான்களை அவரே பூட்டினார், ஒற்றைக் கையால். அதற்குள் எனக்கு ஊற்றிய தேத்தண்ணி ஆறிவிட்டது.

"இஞ்ச பாரும் சாந்தா, அந்த லைற்றைக் கொஞ்சம் கிட்டப் பிடியும்," என்றார்.

கார்த்திக் காலை ரயிலில் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து கொலோனுக்கு வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, சொஃப்ட்வெயார் வேலை. இவருக்கு இன்ரர்நெற்றில் லொறி ஓட்டும் விளையாட்டில் கிடைத்த சிநேகிதன். இவன் ஒரு லொறி, இவர் ஒரு லொறி என்று ஐரோப்பா முழுக்க ஒன்றாக ஓடித் திரிந்தவர்கள். நேரில் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல்தரம்.

அவன் புரொசெஸரைப் பெட்டியிலிருந்து எடுத்தான். ஒரு மாரி பிஸ்கட் அளவுகூட இல்லை. இதுதான் கம்பியூட்டரின் மூளையாம். மதர்போர்டுக்குக் கிட்டக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். பெட்டியைப் பார்த்தான், மற்றப் பெட்டியையும் பார்த்தான்.

"அண்ணா, இந்த போர்டு யாரு வாங்கினது?"

"அக்கா. லண்டனிலை இருந்து. ஏன்?"

"இல்லண்ணா, லிஸ்ட்ல நான் போட்டது இது இல்ல. இது வேற கம்பெனி ப்ராசஸருக்கான போர்டு. நம்மளோடது இதுல உட்காரவே உட்காராது."

"கொஞ்சம் அமத்திப் பாக்க ஏலாதோ தம்பி?" என்றேன் நான்.

"ஐயோ அக்கா, அமுக்கினா ரெண்டுமே போயிடும்!"

 இவர் ஸ்குரூ ட்றைவரை மேசையில் வைத்தார். வைத்தாரா, விரலிலிருந்து நழுவியதா என்று நான் பார்த்தேன். நழுவியதுதான்.

வலது கை

போன கிழமை இந்தத் தொடரில் இவர் ஓட்டிய லொறியைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அவ்வளவு ஓடின மனுசன் பிறகு வீட்டில் என்ன செய்தார்?" நல்ல கேள்வி. இருந்தார், அம்மா. கதிரையில் இருந்தார்.

இவருக்கு வந்தது, தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகிற வருத்தம். மருந்து இல்லை. பெரியாஸ்பத்திரி டொக்டர் நல்ல மனுசி, சுற்றி வளைக்கவில்லை. இடது கை போய்விட்டது, வலது கை இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று இவர் கேட்டார். "செய்ய விரும்பும் காரியம் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்," என்றார் டொக்டர்.

 வீட்டுக்கு வந்து, சப்பாத்துக் கழற்றுவதற்கு முதலே இவர் சொன்னார்: "சாந்தா, எனக்கு ஒரு கம்பியூட்டர் வேணும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோயில் என்றிருந்தால் விளங்கும். பிள்ளை குட்டி இல்லாத நாங்கள் அங்கே இங்கே போய்வருவோம் என்றாலும் விளங்கும். கம்பியூட்டராம்! "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டே விட்டேன்.

பிறகு குந்தியிருந்து யோசித்தபோதுதான் விளங்கியது. இத்தனை வருசத்தில் இந்த மனுசன் என்னிடம் "எனக்கு வேணும்" என்று கேட்ட சாமான் வேறொன்றும் இல்லை.

வேலைத்தலத்தில் இவருக்குப் பிரியாவிடை வைத்தபோது கூட்டாளிகள் சேர்ந்து ஒரு ஸ்டியரிங் வளையம் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அந்த லொறி விளையாட்டுக்கான வளையம்தான், ஆனால் உண்மையான லொறி மாதிரி இறுக்கம் காட்டும், வீதி மோசமென்றால் கை உதறும். எங்களுடைய பழைய மடிக்கணினி அதற்குத் தாங்கவில்லை. படம் விக்கி விக்கி ஓடியது. வளைவு வரும்போது லொறி அப்படியே நின்று, பிறகு பாய்ந்தது.

இவருக்கு அந்த விளையாட்டிலாவது நோர்வேயின் வட முனைக்குப் போகவேண்டும். ரொட்டர்டாம், மிலானோ, வார்சோ என்று எல்லா இடமும் ஓடினவருக்கு அந்த ஓட்டம் மட்டும் ஒருக்காலும் கொடுபடவில்லை. "கை இருக்கேக்கை ஒருக்கா ஓடிப்போட்டு வந்திடுறன்," என்றார், பக்கத்துக் கடைக்குப் போய்வருகிற ஆள் மாதிரி.

எனக்கு வேலை முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது. ஒரு கை எப்படிப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் பூட்டில் திறப்பைத் திருப்ப ஏலாது, பிறகு பொத்தான், பிறகு கரண்டி. காலையில் கோப்பையை எப்படித் தூக்குகிறார் என்று, அவருக்குத் தெரியாத மாதிரி, பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கும் நான் பார்ப்பது தெரியும்.

பொருத்தம்

கார்த்திக்தான் பட்டியல் போட்டான். கடையில் செய்து வைத்ததை வாங்கினால் பாதிச் சாமான் குப்பையாக இருக்கும், நாமே தெரிந்து பூட்டுவோம் என்றான். அந்தக் கிழமைகளில் எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. புரொசெஸர், மதர்போர்ட், மெமரி, படம் காட்டும் கார்ட், மின்சாரம் கொடுக்கும் பெட்டி. கார்ட்டைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா என்று இவர் கேட்பார். மின்பெட்டி தாங்காது என்பான் அவன்.

"ஒண்டை மாத்தினா எல்லாத்தையும் மாத்தோணும் போல கிடக்கு," என்றேன்.

"இதுக்கும் சாதகம் பாக்கோணுமப்பா," என்று சிரித்தார் இவர். "எங்கடை கலியாணத்துக்கே இவ்வளவு பாக்கேல்லை."

அந்தச் சிரிப்பை நான் கோடையிலிருந்து கேட்டிருக்கவில்லை. கம்பியூட்டர் என்ன, கப்பலே வாங்கலாம் என்று இருந்தது எனக்கு.

பெட்டிக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் வெளியே தெரியும், லைற்றும் எரியும். "என்னத்துக்கு இந்தப் பூசை அறைச் சோடனை?" என்று நான் கேட்டேன். பார்க்க ஆசையாய் இருக்கு என்றார் இவர். சரி, இருக்கட்டும் என்று விட்டேன். அந்தக் கண்ணாடி எங்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமைச் சபை

எங்கள் குடும்பத்தில் தனியாக ஒருவர் ஒரு சட்டிகூட வாங்கமாட்டார். ஞாயிறு பின்னேரம் லண்டனில் இவருடைய அக்கா பவளம், சுவிசில் தம்பி நேசன், இங்கே நாங்கள், மூன்று வீடும் வீடியோவில் கூடும். உடுப்புத் தோய்க்கும் மெஷின் வாங்கினபோது நடந்த சபையில் நான் சண்டை பிடித்து எழும்பிப் போனதை இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன்.

இவர் சந்தோச மிகுதியில் கம்பியூட்டர்க் கதையைச் சொல்லிவிட்டார். வருத்தம் வந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேருக்கும் கை கட்டிப்போட்ட மாதிரி அந்தரம். என்ன செய்யலாம், எதைக் கொடுக்கலாம் என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரு வழி திறந்தது.

"ஒரு சாமான் என்ரை," என்றார் மச்சாள். "வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது."

"அப்ப மூளை நான் வாங்கித் தாறன் அண்ணை," என்றான் நேசன்.

எங்களுடைய ஆட்களிடம் இப்படிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி. இவர் பட்டியலை அனுப்பினார். நேசன் பட்டியலில் உள்ளதையே வாங்கினான். மச்சாள் கடைக்குப் போய், ஃபோனில் இருந்த பட்டியலில் மதர்போர்டைக் காட்டியிருக்கிறார். இதைவிட விலைகூடியது இருக்கிறது என்று கடைக்காரன் சொல்ல, தம்பிக்குக் குறைந்ததைக் கொடுப்பதோ என்று அதிலேயே பெரியதை வாங்கிவிட்டார்.

டுசல்டோர்ஃபில் ஒரு கலியாணத்துக்கு வந்த சனத்திடம் கொடுத்தனுப்பினார். இரண்டு கிலோ மிளகாய்த்தூளுக்கும் ஒரு கூறைச்சேலைக்கும் நடுவில், துவாயில் சுற்றி வந்து சேர்ந்தது மதர்போர்ட். கறித்தூள் மணத்தின் காரணம் அதுதான்.

கண்ணாடிப் பக்கம்

திரும்பவும் அந்தக் குசினி மேசைக்கு வாறேன்.

கார்த்திக்குக் கவலையே இல்லை. "இதுல டென்ஷன் ஆக ஒண்ணுமில்லண்ணா. சரியான போர்டு இங்கயே கிடைக்கும். நாளைக்கே மாட்டிடலாம்," என்றான்.

"அக்காவின்ரை?"

"ரிட்டர்ன் பண்ணிடச் சொல்லுங்க. இல்லன்னா சும்மா எடுத்து வைங்க."

இவர் தலையை ஆட்டினார். "பெட்டிக்குக் கண்ணாடி தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவ காட்டச் சொல்லுவா. தன்ரை சாமான் அதுக்குள்ளை இல்லை எண்டால் தாங்கமாட்டா."

பவளம் மச்சாளைப் பற்றிச் சொல்லவேண்டும். தாய் இல்லாத வீட்டில் இவரையும் நேசனையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தான் கலியாணம் கட்டியதே இவர்கள் இரண்டு பேரும் ஒரு வழிக்கு வந்த பிறகு. அவருடைய மனம் நோக ஒரு சொல் சொன்னதில்லை என்பது இவருக்கு ஒரு விரதம் மாதிரி. அந்த விரதத்தில் நான் கைவைக்க ஏலாது. எத்தனையோ தரம் வைத்துப் பார்த்து வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

"நான் சொல்லுறன். எனக்கென்ன பயமே?" என்றேன்.

"நீர் வாய் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணும்."

கார்த்திக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பேசுகிற தமிழ் விளங்கியது, விசயம் விளங்கவில்லை.

நான் இவருடைய வலது கையைப் பார்த்தேன். அது மேசையில் கிடந்து தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. சத்தியம் பண்ணினேன்.

ஒன்றை மாற்றினால்

ஆகவே அக்காவின் போர்ட் இருக்கட்டும், மற்றது எல்லாம் அதற்கேற்ப மாறட்டும் என்று தீர்மானமானது. நேசன் தம்பிதானே, அவனிடம் சொல்லலாம். சொன்னோம். "ஓம் அண்ணை, அதுக்கென்ன," என்றான். முகம் மட்டும் சுருங்கிப்போனது. அக்காவிடம் எதையும் மூச்சு விடவேண்டாம் என்றும், வேறு புரொசெஸரைத் தானே அனுப்புவதாகவும், நாங்கள் வாங்கினால் தனக்கு மரியாதை இல்லை என்றும் சொன்னான். மரியாதை! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பல்லுக் கூசும்.

சுவிசிலிருந்து வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. கடிதம் பிந்தி வந்தது. டெர்மின் எடுத்து, அதாவது நேரம் குறித்து வாங்கி, பஸ் மாறி, வேலைக்குப் பிறகு போய் நின்றேன். பெட்டியை அறுத்துப் பார்த்த அலுவலர் இது என்ன என்று கேட்டார். பரிசு என்றேன். யாருக்கு? என் புருசனுக்கு. பிறந்தநாளா? இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஏனோ அந்த மனுசனுக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவர் பாவம், ஒரு கடதாசிக் கைக்குட்டையைத் தள்ளிவிட்டுக் கையெழுத்து இடத்தைக் காட்டினார்.

அந்தக் கிழமை இவரால் வாசல் திறப்பைத் திருப்ப ஏலாமல் போனது.

புரொசெஸர் வந்தது. நாங்கள் வாங்கிவைத்த மெமரி அந்தப் போர்டுக்குச் சேராது, போர்ட் கேட்பது ஒரு வகை, நாங்கள் வாங்கியது வேறு வகை. அதை மாற்றினோம். மார்கழி நத்தார்ப் பண்டிகை நெரிசலில் அதுவும் இழுபட்டது. பிறகு பார்த்தால், மச்சாள் ஆகப் பெரியதாகப் பார்த்து வாங்கிய போர்ட் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கவில்லை. ஓரம் இடித்தது. பெரிய பெட்டி தேடினோம். அதற்கும் கண்ணாடி இருக்கவேண்டும் என்றார் இவர். பின்னே, அக்கா பார்க்கவேண்டுமே!

ஒவ்வொரு ஞாயிறும் மச்சாள் கேட்பார். "என்னடாப்பா, பூட்டி முடிஞ்சுதோ?"

"இன்னும் கொஞ்ச வேலை கிடக்கு அக்கா," என்பார் இவர். "உங்கடை போர்ட் சோக்காய் இருக்கு. திறம் சாமான்."

நான் கமெராவுக்கு வெளியே நின்று பல்லைக் கடிப்பேன். அந்த மாதம் சேர்ட்டை விட்டுவிட்டு ரீசேர்ட்டுக்கு மாறியிருந்தோம். அதற்கடுத்த மாதம் கரண்டியின் காம்பில் பஞ்சு சுற்றினேன், தடிப்பாய் இருந்தால் பிடிப்பார் என்று. எங்கள் இல்லத்தில் அப்படித்தான் செய்வோம். சில நாள் பிடித்தார்.

ஓட்டம்

குளிர் விலகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை முற்பகல் கார்த்திக் திரும்ப வந்தான். எல்லாம் பொருந்தியது. ஸ்விச்சைப் போட்டவுடன் கண்ணாடிக்குள் நீல வெளிச்சம் எழும்பி, காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. வடிவுதான். பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு வடிவு.

திரையில் லொறியின் உள்பக்கம் அப்படியே தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் கார்கள், முன்கண்ணாடியில் மழைத்துளி. இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருடைய வலது கையைத் தூக்கி வளையத்தில் வைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டேன். கால் இன்னும் பெடலை அழுத்தியது. லொறி நகர்ந்தது.

முதல் வளைவு வந்தது. வளையம் இறுகி எதிர்த்தது. கை திருப்பவில்லை, வழுக்கி மடியில் விழுந்தது. திரும்ப எடுத்து வைத்தேன், திரும்ப விழுந்தது.

"இருங்கண்ணா, ஃபோர்ஸ கம்மி பண்றேன்," என்றான் கார்த்திக். குறைத்தான். இன்னும் குறைத்தான். கடைசியில் வளையம் குழந்தைப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் மாதிரிச் சும்மா சுற்றியது. அதிலும் கை நிற்கவில்லை.

லொறி வீதியோரத் தடுப்புத் தகட்டில் உரசி நின்றது. பின்னால் ஒரு கார் விடாமல் ஹோர்ன் அடித்தது. அந்தச் சத்தம் நல்ல ஸ்பீக்கரில் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

கார்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. கண் அசைவால் ஓட்டுகிற கருவியெல்லாம் இருக்கிறது, பார்க்கலாம் என்றான்.

"கண்ணாலை லொறி ஓட்டினதை நான் காணேல்லை தம்பி," என்றார் இவர். அப்போதே நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "காணும். நிப்பாட்டும்," என்றார்.

நோர்வே இருக்கட்டும். எங்கள் கொலோனை விட்டே அந்த லொறி வெளிக்கிடவில்லை.

மச்சாள் வந்த நாள்

ஈஸ்டர் லீவுக்கு மச்சாள் லண்டனிலிருந்து வந்தார். இவரைச் சக்கரக் கதிரையில் கண்டதும் வாசலிலேயே அழுது, பிறகு முகம் கழுவிவிட்டு வந்து இவருக்குப் பக்கத்தில் இருந்தார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டச் சொன்னார். நான் ஸ்விச்சைப் போட்டேன். நீல வெளிச்சத்தில் அவருடைய போர்ட் பளபளத்தது.

"என்ரை அப்பனே, எவ்வளவு வடிவாய் இருக்கு!" என்றார். "எங்கை, ஒருக்கா ஓடிக் காட்டு பாப்பம்."

இவர் சிரித்தார். கை மடியில் கிடந்தது.

எனக்கு எங்கே இருந்து வந்ததோ தெரியாது. சத்தியமாவது மண்ணாவது! "எப்பிடி ஓடுறது மச்சாள்? உங்கடை போர்ட் பொருந்தேல்லை. அதுக்காக எல்லாத்தையும் மாத்தி மாத்திக் குளிர்காலம் முழுக்கப் போச்சு. அதுக்குள்ளை கையும் போச்சு!" என்று கத்தினேன்.

 பெட்டிக்குள் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மச்சாள் கோபிப்பார், எழும்பிப் போவார் என்று நான் ஆயத்தமாக நின்றேன். சண்டை பிடிக்கவேண்டும் போல் இருந்தது எனக்கு.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. ஒன்றும் விளங்காத ஆள் மாதிரி இவரையும் என்னையும் பார்த்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார். "பொருந்தாட்டி மாத்தித் தருவியோ எண்டு நான் கடைக்காரனிட்டைக் கேட்டுத்தானே வாங்கினனான். ரசீதும் ஹாண்ட்பாக்கிலை கனகாலமாய்க் கிடந்தது. எனக்கு உந்தச் சாமானைப் பற்றி என்ன தெரியும்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே மாத்தியிருப்பனே."

சொல்லிக்கொண்டு வரும்போதுதான் அவருக்கு விளங்கியது. எதற்காக நாங்கள் சொல்லவில்லை, யாருக்குப் பயந்து சொல்லவில்லை என்று. தம்பியின் வலது கையை இரண்டு கையாலும் எடுத்து, சூடு பார்ப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டார். அவருடைய வாய் கோணியது.

"எனக்காகவோடா?" என்றார். "எனக்காகவோ?"

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அந்தக் கணத்தில் எனக்கு மச்சாளில் கோபமில்லை. இவரில்தான் கோபம், தாங்கேலாத கோபம். பாருங்கோ, கேட்டீங்களோ, அவ என்ன சொல்லுறா எண்டு கேட்டீங்களோ என்று உலுக்கவேண்டும் போல் இருந்தது. இவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. தலையை என் பக்கம் திருப்பி, திரும்ப முயற்சி செய்தார். நான் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அக்கா களைச்சு வந்திருக்கிறா," என்றார். "தேத்தண்ணி போட்டுக் குடும்."

குசினிக்குப் போய் கேத்திலை வைத்தேன். தண்ணீர் கொதித்து, கேத்தில் தானாக நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன்.